கடைசி நாள் காலைல லிஃப்ட் முன்னாடி நிக்கிற நம்ம மக்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்வெஸ்டன் துறைமுகத்துல க்ரூஸ் கப்பல் ஏறி இறங்குற டெக்சஸ் தமிழ் மக்கள் எல்லாருக்கும் வணக்கம். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோன்னு எந்த ஊர்ல இருந்து வந்தாலும் சரி, முக்கியமா ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவையும் கூட்டிட்டு போற ஆளுங்களுக்கு தான் இந்த மடல்.

நேரா விஷயத்துக்கு வரேன். கப்பல் திரும்பி வந்து சேர்ற அன்னைக்கு காலைல செல்ஃப் அசிஸ்ட்னு ஒண்ணு இருக்கே, அதான் நம்ம பெட்டிய நாமே தூக்கிட்டு மொத ஆளா இறங்குறது, கார்னிவல் கப்பல் கம்பெனில செல்ஃப் அசிஸ்ட்ம்பான், நார்வீஜியன் கம்பெனில ஈசி வாக் ஆஃப்ம்பான், பேரு என்னவா இருந்தாலும் விஷயம் ஒண்ணு தான், அதுக்கு தயவு செஞ்சு எல்லாரும் பேர் குடுக்காதீங்க. நம்ம பெட்டிய நாமளே படிக்கட்டுல தூக்கிட்டு இறங்க முடியும்னா மட்டும் குடுங்க. லிஃப்ட்ல இல்ல, படிக்கட்டுல. லிஃப்ட் கிடைச்சிரும்னு நம்பி பேர் குடுத்தவன்ல நானும் ஒருத்தன், அந்த கதைய சொல்லிட்டா நான் ஏன் இப்படி கத்துறேன்னு புரியும்.

ரெண்டு வருஷம் முன்னாடி தேங்க்ஸ்கிவிங் வாரம். ஸ்கூல் முழு வாரம் லீவு, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, ஞாயித்துக்கிழமை ஏறி ஞாயித்துக்கிழமை இறங்குற 7 நைட் ட்ரிப், ரோவட்டான், கோஸ்டா மாயா, கோசுமெல்னு கரீபியன் பக்கம் வழக்கமான ரவுண்டு. நாங்க 4 பேர், அப்பா அம்மா 2 பேர், மொத்தம் 6 பேருக்கு 7 பெட்டி. அதுல ரெண்டு, ஊருக்கு போறப்ப செக் இன் பண்ணுவோமே அந்த 28 இன்ச் யானை சைஸ் பெட்டி. ஒரு வாரத்துக்கு எதுக்குடா இவ்ளோன்னு இப்ப கேட்டா என்கிட்ட பதில் இல்ல, அம்மாகிட்ட இருக்கு, "நடுக்கடல்ல குளிருச்சுன்னா?"

அந்த ஞாயித்துக்கிழமை ஐ-45 ஹைவே எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சு மொத்த டெக்சஸும் ரோட்ல தான் இருக்கும். கால்வெஸ்டன்ல இருந்து டாலஸ் சாதாரண நாள்லயே 5 மணி நேரம், அன்னைக்கு 7 கூட ஆகலாம், நடுவுல பியர்லேண்ட்ல மீனாட்சி கோயிலுக்கு போயே ஆகணும்னு அம்மா கப்பல் ஏறுன அன்னைக்கே சொல்லிட்டாங்க, மறுநாள் பசங்களுக்கு ஸ்கூலு எனக்கு ஆபீஸு. இந்த நேரத்துல தான் ஒரு நண்பன் ஏற்கனவே சொல்லி வச்சிருந்தது ஞாபகம் வந்துச்சு, "மச்சி செல்ஃப் அசிஸ்ட் போட்ரு, நான் ஏழரைக்கெல்லாம் கார்ல உக்காந்துட்டேன்". அவன் போனது பொண்டாட்டியோட ரெண்டே பேரு, ஆளுக்கு ஒரு பேக்பேக். அந்த பாதிய அவன் சொல்லல, நானும் கேக்கல.

கப்பல் ஆப்ல டிக் பண்ணேன். அவ்ளோ தான், ஒரு டிக்கு.

தெரியாதவங்களுக்கு இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். கடைசி ராத்திரி ரூம்ல நம்பரோ கலரோ போட்ட டேக் குடுப்பாங்க, இல்லன்னா போய் எடுத்துக்கணும், அத பெட்டில மாட்டி கப்பல் சொல்ற நேரத்துக்குள்ள, பெரும்பாலும் 10, 11 மணிக்குள்ள, ரூம் வாசல்ல வச்சிட்டா போதும், க்ரூ வந்து எடுத்துட்டு போய் விடிய விடிய பிரிச்சு, கரைக்கு வந்ததும் டெர்மினல் ஹால்ல நம்பர் வாரியா வரிசையா நிறுத்தி வச்சிருப்பாங்க. காலைல நாம சாப்டுட்டு நம்ம நம்பர் கூப்பிடறப்ப கைய வீசிட்டு இறங்கி போய் எடுத்துக்கலாம். இது ஒரு வழி. இன்னொரு வழி செல்ஃப் அசிஸ்ட், பெட்டிய ராத்திரி வெளிய வைக்கவே வேணாம், கஸ்டம்ஸ்காரங்க கப்பலுக்கு கிளியரன்ஸ் குடுத்ததும் மொத கூட்டமா இறங்கிடலாம், ஆனா எல்லா பெட்டியும் ஒரே தடவைல நம்ம கைலயே இருக்கணும், க்ரூ தொட மாட்டாங்க. இந்த கடைசி வரிய தான் எல்லாரும் படிக்காம விடுறது.

இப்ப கணக்கு போடுங்க. கால்வெஸ்டனுக்கு வர்ற ராயல் கரீபியனோட ஒயாசிஸ் கிளாஸ்ங்கிற பெரிய ரக கப்பல்ல ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்னு வச்சாலே 5,400 பேர் வருது, லீவு நாள்ல பசங்களையும் சேத்தா அதுக்கும் மேல. அதுல நாலுல ஒருத்தர் செல்ஃப் அசிஸ்ட்னு வச்சுக்குங்க, ஆயிரத்து சொச்சம் பேர் பெட்டியோட ஒரே நேரத்துல ஒரே மாடிக்கு வரணும். சாதாரணமா பத்து பேர் நிக்கிற லிஃப்ட்ல 28 இன்ச் பெட்டியோட நாலு பேர் ஏறுனா கதவு மூட மாட்டேங்குது.

எங்க ரூம் 10வது டெக். இறங்குற வழி 5வது டெக்ல. காலைல 6:15க்கு லிஃப்ட் லாபிக்கு வந்தோம், அங்க ஏற்கனவே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு கூட்டம், படிக்கட்டுல வேற உக்காந்திருக்காங்க. லிஃப்ட் திறக்கும், உள்ள ஃபுல்லு, உள்ள இருக்கிறவங்க நம்மள பாத்து சங்கடமா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, மூடிக்கும். எப்படி எல்லாமே ஃபுல்லா வருதுன்னு பாத்தா, கீழ போக வேண்டியவன் எல்லாம் மேல போற லிஃப்ட்ல ஏறி உச்சிக்கு போய் அதுலயே உக்காந்து கீழ வரான். சென்னைல டெர்மினஸ்ல சீட் பிடிக்க ஒரு ஸ்டாப் முன்னாடியே போய் ஏறுவோமே, அதே டெக்னிக். அத பாத்ததும் நானும் பண்ணேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. மேல போற லிஃப்ட் ஒண்ணு வந்துச்சு, வீட்டுக்காரம்மாவையும் பசங்களையும் 3 பெட்டியோட தள்ளி ஏத்திட்டேன், கதவு மூடிருச்சு. நான், அப்பா, அம்மா, 4 பெட்டி இந்தப் பக்கம். அதுக்கப்பறம் 20 நிமிஷம் ஒரு லிஃப்டும் காலியா வரல.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம். ஆனா அவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வரிசைல நிக்கிறது பிடிக்காது, "அஞ்சு மாடி தானடா, ஸ்கூல்ல ஏறாத படியா"ன்னு சொல்லி நான் திரும்பறதுக்குள்ள சின்ன பெட்டி ஒண்ண எடுத்துட்டு இறங்க ஆரம்பிச்சுட்டாரு. நான் அந்த யானை ரெண்டையும் ரெண்டு கைல, அம்மா ஒண்ணு. 8வது டெக்குக்கும் 7வதுக்கும் நடுவுல திரும்பற இடத்துல என் இடது கை பெட்டியோட சக்கரம் படில மாட்டி, கைப்பிடி கைய விட்டு போயிருச்சு. அது படி படியா தட தடன்னு இறங்கி, கீழ போயிட்டிருந்த ஒரு அம்மாவோட கணுக்கால்ல போய் நின்னுச்சு. அவங்க "ஐயம் ஓகே, ஐயம் ஓகே"ன்னு தான் சொன்னாங்க. சொல்லிட்டு படியோட கம்பிய பிடிச்சுட்டு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான் எத்தனை ஸாரி சொன்னேன்னு எனக்கே தெரியல. அந்த சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

இத கேட்டுட்டு கீழ இருந்து ஒரு க்ரூ தம்பி ஓடி வந்தாரு, நேம் பேட்ஜ்ல பேருக்கு கீழ இந்தோனேஷியான்னு போட்டிருந்துச்சு. முதல்ல அந்தம்மாவ பாத்துட்டு அப்பறம் எங்ககிட்ட வந்து, பெட்டிய நான் எடுக்க கூடாது சார்னு தயங்கி தயங்கி சொன்னாரு, சொல்லிட்டு அப்பாவோட கைய பிடிச்சு 5வது டெக் வரைக்கும் ஒவ்வொரு படியா இறக்கி விட்டாரு. பெட்டிய தொடல, அப்பாவ பிடிச்சுக்கிட்டாரு. 7 நாள் எங்க ரூமையே பாத்துக்கிட்ட ஆளு கூட இல்ல, வேற டெக்கு. அவருக்கு அன்னைக்கு என்ன வேலைன்னு அப்பறம் தான் புரிஞ்சுது, நாங்க இறங்க இறங்க மேல ரூம் ரூமா பெட்ஷீட் உருவி மத்தியானத்துக்குள்ள அடுத்த கூட்டத்துக்கு ரெடி பண்ணணும், சாயங்காலம் அதே கப்பல் மறுபடி கெளம்பிரும். எங்கள மாதிரி ஒவ்வொரு குடும்பமும் படிக்கட்டுல அஞ்சு நிமிஷம் நின்னா அவங்க வேலைல அஞ்சு நிமிஷம் போச்சு.

கீழ வந்து ரூம் கார்டை பீப் பண்ணி வெளிய வந்தா டெர்மினல்ல அடுத்த லைன். இப்ப பல டெர்மினல்ல கேமரா முன்னாடி நின்னா மூஞ்சிய பாத்தே அனுப்பிடறாங்க, அமெரிக்கா பாஸ்போர்ட் பசங்க ஒரு நிமிஷத்துல வெளிய. ஆனா அப்பா அம்மாவுக்கு இந்தியா பாஸ்போர்ட், விசிட்டர் விசா, அதுக்கு ஆபீசர் பாக்கணும், கேள்வி கேக்கணும், கைரேகை வேற. பசங்க ஓடிப் போய் வெளிய நின்னா என்ன, ஆறு பேரும் ஒரே கார்ல தான போகணும்? நம்ம குடும்பத்துல யாரு கடைசியா வெளிய வராங்களோ அது தான் நாம இறங்குன நேரம். இத ஆப்ல டிக் பண்றப்ப யாரும் நினைக்கறதில்ல.

அந்த லைன்ல நிக்கறப்ப தான் நாய் வந்துச்சு. பீகிள் நாய், பாக்க நல்ல சாதுவா இருக்கும், அது ஒவ்வொரு பையா மோந்துட்டு வந்து அம்மாவோட ஹேண்ட்பேக் பக்கத்துல அழகா உக்காந்துருச்சு. அது உக்காந்தா என்ன அர்த்தம்னு அம்மாவுக்கு தெரியாது, "பாவம் பசிக்குதோ"ன்னாங்க. உள்ள என்னன்னா பஃபேல எடுத்த ரெண்டு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், சுகர் பேஷண்ட், வழில பசிச்சா சாப்பிட. கப்பல்ல குடுத்த பழமா இருந்தாலும் கரைக்கு கொண்டு வர கூடாது மக்களே, பழம், இறைச்சி, செடி எதுவும். மறைச்சு மாட்டினா 300 டாலர்ல இருந்து ஃபைன் வரலாம், கேட்ட உடனே எடுத்து குடுத்துட்டா வாங்கி குப்பைல போட்டுட்டு அனுப்பிடுவாங்க. எங்களுக்கு அந்த ஆபீசர் சிரிச்சுட்டே அனுப்பிட்டாரு. அம்மா தான் வாழைப்பழம் குப்பைக்கு போறத திரும்பி திரும்பி பாத்துட்டே வந்தாங்க.

வெளிய வந்தப்ப மணி 8:50. இப்ப தான் கதையோட முக்கியமான இடம். எங்க எதிர் ரூம்ல ஒரு குஜராத்தி மாமா குடும்பம், அவங்களும் 6 பேரு, அவங்க ராத்திரியே டேக் மாட்டி பெட்டிய வெளிய வச்சுட்டாங்க, நான் பாத்தேன், "அய்யோ பாவம், இவங்க எப்ப இறங்குவாங்களோ"ன்னு மனசுக்குள்ள பரிதாபம் வேற பட்டேன். 8:55க்கு அந்த மாமா வெளிய வராரு. கைல காஃபி கப். பின்னாடி டெர்மினல் போர்ட்டர் ஒருத்தர் அவங்க பெட்டி மொத்தத்தையும் வண்டில தள்ளிட்டு வராரு. மாமா என்ன பாத்து, "ஆம்லெட் இன்னைக்கு நல்லா இருந்துச்சு, நீங்க சாப்டீங்களா?"

அஞ்சு நிமிஷம். ரெண்டரை மணி நேரம் நின்னு, அப்பா முட்டிய பணயம் வச்சு, ஒரு புண்ணியவதி காலை உடைக்க பாத்து, நாங்க சம்பாதிச்சது அஞ்சு நிமிஷம்.

அந்த போர்ட்டர் விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, அதையும் சொல்லிடறேன். பெட்டி அடுக்கி வச்சிருக்கிற ஹால்லயே நிப்பாங்க, பெட்டி கணக்குல டிப்ஸ் குடுத்தா வண்டில ஏத்தி வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவாங்க, சில டெர்மினல்ல போர்ட்டரோட போனா லைனே கொஞ்சம் சீக்கிரம் நகருது. வாரம் பூரா கோசுமெல்ல தேங்காத் தண்ணிக்கு டாலர் டாலரா குடுத்த நமக்கு இந்த காச குடுக்க மட்டும் ஏன் கை வரமாட்டேங்குது?

அப்பறம் அப்பா அம்மா விஷயம். வீல்சேர் அசிஸ்டன்ஸ் கேளுங்க. நடக்க முடியும், ஆனா அரை மணி நேரம் நிக்க முடியாதுன்னா கூட கேக்கலாம், வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாள் முன்னாடியே கெஸ்ட் சர்வீசஸ்ல சொல்லி வச்சா, காலைல ஒரு லவுஞ்சுக்கு வர சொல்லுவாங்க, அங்க இருந்து ஆள் தள்ளிட்டு கரை வரைக்கும் கொண்டு விடுவாங்க. இதுக்கு தனியா காசு கிடையாது. ஆனா பெட்டிய ராத்திரியே குடுத்துரணும், செல்ஃப் அசிஸ்டும் வீல்சேரும் சேந்து வராது. எங்கப்பா முதல்ல முறைச்சாரு, "நான் என்ன நொண்டியா"ன்னாரு. ரெண்டாவது ட்ரிப்ல கேட்டு வாங்குனோம், சேர்ல உக்காந்துட்டு மொத்த லைனையும் தாண்டி போறப்ப ஹெட்மாஸ்டர் ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன் போற மாதிரி ரெண்டு பக்கமும் பாத்து தலையாட்டிட்டே போனாரு.

ராத்திரி பெட்டி குடுக்கறதுல ஒரே ஒரு ஆபத்து தான், எது உள்ள போகுதுன்னு பாக்கணும். அந்த ரெண்டாவது ட்ரிப்ல 10:30க்கு பெட்டிய வாசல்ல வச்சிட்டு வந்து படுத்தாச்சு. 11 மணிக்கு பாஸ்போர்ட் பவுச் எங்கன்னு வீட்டுக்காரம்மா கேக்கறாங்க. அப்பா ரொம்ப அமைதியா, "பத்திரமா பெட்டி உள் பாக்கெட்ல வச்சிட்டேன்" அப்படிங்கறாரு. லுங்கியோட ஓடுனேன். எங்க வாசல்ல பெட்டி இல்ல. அந்த காரிடார் எவ்ளோ நீளம்னு அன்னைக்கு தான் தெரியும், கடைசில க்ரூ லிஃப்ட் பக்கத்துல சக்கரம் வச்ச பெரிய இரும்பு கூண்டு, அதுல பெட்டி மேல பெட்டி, எங்களோடது அடில இருந்து ரெண்டாவது. அதுல கட்டியிருந்த மஞ்சக் கயிறு தான் காப்பாத்துச்சு, ஊர்ல அம்மா எல்லா பெட்டிக்கும் கட்டுவாங்களே, கேலி பண்ணுவோமே, அதே. அங்க இருந்த ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம மேல இருந்த எல்லாத்தையும் இறக்கி எடுத்து குடுத்தாங்க. அதனால பாஸ்போர்ட், மாத்திரை, கார் சாவி, காலைல போட பேண்ட், குழந்தைங்க டயப்பர், இது எல்லாம் உங்க தோள்ல தொங்கற பைல. மீதி போகட்டும்.

சரி, அப்ப செல்ஃப் அசிஸ்டே தப்பான்னு கேக்காதீங்க. போன பிப்ரவரில நான் தனியா ஆபீஸ் பசங்களோட 4 நைட் போனேன், ஒரே ஒரு பேக்பேக், படிக்கட்டுல தட தடன்னு இறங்கி 7:20க்கு வெளிய, சொகமா இருந்துச்சு. அந்த மாதிரி ஆளுக்கு தான் அது. ஹூஸ்டன் ஹாபி ஏர்போர்ட் துறைமுகத்துல இருந்து சுமார் 40 மைல், பெரிய ஏர்போர்ட்டான ஐஏஎச் 70 மைல், மத்தியானத்துக்கு முன்னாடி ஃப்ளைட் வச்சிருக்கிற பாவப்பட்ட ஜீவனுங்களுக்கு உண்மையிலயே அந்த ஒரு மணி நேரம் வேணும். நாம கோயிலுக்கு போற அவசரத்துல அவன் வழில 7 பெட்டிய நிறுத்திட்டு நிக்கறோம், அவன் ஃப்ளைட் போயிருது.

ஆனா அப்படி ஃப்ளைட் போட்டவங்களும் ஒண்ணு கேட்டுக்குங்க. 10 மணி ஃப்ளைட்ட செல்ஃப் அசிஸ்ட நம்பி போடாதீங்க, முக்கியமா குளிர் காலத்துல. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் கால்வெஸ்டன்ல கடல் பனிமூட்டம் இறங்கும், குளிர்ந்த கரையோர தண்ணி மேல ஈரமான சூடான காத்து வந்து படியறப்ப வர்றது, எதிர்ல கப்பல் இருந்தாலும் தெரியாது. கப்பல துறைமுகத்துக்குள்ள வழி காட்டி கூட்டிட்டு வர்ற பைலட்டுங்க கப்பல்ல ஏற மாட்டாங்க, துறைமுகம் மூடிருவாங்க, கப்பல் வெளிய கடல்லயே நிக்கும், ரெண்டு மணி நேரமா அரை நாளா யாருக்கும் தெரியாது. அப்ப நீங்க மொத ஆளா லைன்ல நின்னாலும் கடைசி ஆளா நின்னாலும் ஒண்ணு தான். அந்த பிப்ரவரி ட்ரிப்புக்கு முந்தின வாரம் போன ஒரு குடும்பம் 6 மணில இருந்து படிக்கட்டுல பெட்டி மேல உக்காந்திருந்துச்சாம், கேப்டன் மைக்ல இன்னும் துறைமுகத்துக்குள்ளயே போகலன்னு சொன்னப்ப தான் ஜன்னல் வழியா பாத்திருக்காங்க, வெளிய வெள்ளையா ஒண்ணுமே இல்ல.

இன்னொரு ரகம் இருக்கு, இதுக்கு நேர் எதிர், கப்பல விட்டு போகவே மாட்டேன்னு பஃபேல உக்காந்திருக்கிறது. கடைசி பயணி பீப் பண்ணி வெளிய போய் கணக்கு ஜீரோ ஆனா தான் புதுசா வர்றவங்கள ஏத்த முடியும். மைக்ல ரூம் நம்பர் சொல்லி கூப்பிடுவாங்க, அதுல நம்ம ஊர் பேரு வந்தா மட்டும் எனக்கு ஏன் கூசுதுன்னு தெரியல. சாப்டுங்க, நல்லா சாப்டுங்க, நம்பர் கூப்ட்டா எழுந்திருங்க.

சீக்கிரம் இறங்கறதுன்னு சொன்ன உடனே சில பேரு வேற ஒண்ணும் கேக்கறாங்க, பயணத்த பாதில விட்டுட்டு நடுவுல ஒரு ஊர்லயே இறங்கிடலாமான்னு. அது வேற கதை. முன்கூட்டி கப்பல்காரன்கிட்ட அனுமதி வாங்கணும், காசு திரும்பி வராதுன்னு நினைச்சுக்குங்க. அமெரிக்காவுக்குள்ள 1886ல போட்ட ஒரு சட்டம் இன்னும் இருக்கு, வெளிநாட்டு கொடி போட்ட கப்பல் ஒரு அமெரிக்க ஊர்ல ஏத்துன ஆள இன்னொரு அமெரிக்க ஊர்ல அப்படியே இறக்கி விட முடியாது, சியாட்டில்ல ஏறி அலாஸ்கால ஜூனோல இறங்கிக்கறேன்னா கப்பலுக்கு ஃபைன், அத நம்ம தலைல கட்டுவாங்க. சியாட்டில் கப்பல் பெரும்பாலும் கனடா விக்டோரியால கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றதும் இந்த சட்டத்துக்காக தான். கால்வெஸ்டன்ல ஏறி கால்வெஸ்டன்லயே இறங்குற நமக்கு இந்த தலைவலி இல்ல.

கார் விஷயம் ஒண்ணு விட்டுட்டேன். வெளிய வந்ததும் எல்லாரும் சேந்து பெட்டியோட பார்க்கிங் ஷட்டில்ல ஏற பாக்காதீங்க. ஒருத்தர் மட்டும் போய் கார எடுத்துட்டு வாங்க, மீதி பேரு வாசல்ல பெட்டியோட நில்லுங்க. ஹார்பர்சைட் ரோடு ஞாயித்துக்கிழமை காலைல நகராது, அதனால கார்காரர் வர லேட் ஆச்சுன்னு போன் மேல போன் போட்டு அவர திட்டாதீங்க, இது என் வீட்டுக்கும் சேத்து தான்.

கடைசியா ஒண்ணு, இது வேண்டுகோள். மொத ட்ரிப்ல ஏறுறப்ப அம்மாவோட சின்ன ரைஸ் குக்கர ஸ்கேன்ல பாத்து எடுத்து வச்சுக்கிட்டாங்க. சூடாகற காயில் இருக்கிற சாமான் எதையும் ரூமுக்கு விட மாட்டாங்க, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் அதே தான், தீ பயம், நியாயம் தான். ஒரு சீட்டு குடுத்து கடைசி நாள் காலைல டெர்மினல்ல ஒரு டெஸ்க்ல வாங்கிக்க சொன்னாங்க. ஏழு நாளும் அம்மா அந்த சீட்ட பர்ஸ்ல வச்சு பத்திரமா பாத்துக்கிட்டாங்க, தயிர் சாதம் கிடைக்காத கோவம் அதுல தான் இருந்துச்சு. இறங்குன அன்னைக்கு லிஃப்டு, படிக்கட்டு, அந்தம்மா கால், நாய், பாஸ்போர்ட்னு ஓடுன ஓட்டத்துல டெஸ்க தாண்டி வந்துட்டோம். ஐ-45ல லா மார்க் ஊர தாண்டுறப்ப அம்மா பர்ஸ திறந்தாங்க. கார்ல யாரும் பேசல. "திரும்பலாமா"ன்னு நான் கேட்டேன், அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிட்டு, "அவசரமா இறங்கணும்னு தான இவ்ளோவும், போ"ன்னாங்க. கோயில்ல போய் சாமி கும்பிட்டு கேன்டீன்ல புளியோதரை சாப்பிடற வரைக்கும் என்கிட்ட பேசல.

திங்கக்கிழமை போன் பண்ணி கேட்டேன், அதுக்குள்ள கப்பல் கெளம்பிருச்சு, எங்க வச்சாங்கன்னு யாருக்கும் தெரியல. வெள்ளை கலர், மூணு டம்ளர் அரிசி பிடிக்கும், மூடில கருப்பு மார்க்கர்ல தமிழ்ல "கமலா"ன்னு எழுதியிருக்கும், ஒயர்ல சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கும். அடுத்த தடவை அந்த டெஸ்க் பக்கம் போறப்ப, லைன் சின்னதா இருந்தா, ஒரு நிமிஷம் எட்டி பாத்துட்டு சொல்லுங்க.

இப்படிக்கு,
10வது டெக்ல இருந்து படிக்கட்டுல பெட்டிய உருட்டி விட்டவன்